களுவாஞ்சிகுடித் தம்பிக்கு: முற்பணம் கட்ட வேண்டாம்

தம்பி, அவுஸ்திரேலியாவுக்கு வேர்க்கிங் ஹொலிடே விசா (விடுமுறைக்குப் போய் அங்கே வேலையும் செய்யலாம் என்ற விசா) எடுத்துத் தருகிறேன் என்று ஒரு முகவர் 3 லட்சம் முற்பணம் கேட்கிறார், அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வைக்காதீர்கள். அந்த விசாவில் 417, 462 என்று இரண்டு வகை. இரண்டுமே குறிப்பிட்ட சில நாட்டுக் கடவுச்சீட்டுக்குத்தான். இலங்கை எந்தப் பட்டியலிலும் இல்லை. 2024இல் இந்தியாவைச் சேர்த்தார்கள், அதுவும் வருடத்துக்கு 1,000 பேர், குலுக்கல் முறையில். அந்தச் செய்தியைக் காட்டித்தான் இங்கேயும் ஆள் பிடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆரையம்பதியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெடியன் இப்படித்தான் காசைக் கொடுத்துவிட்டு ஒரு வருடமாக அலைகிறான். அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரி, 24 வயது, ஏ.எல் முடித்தவர் என்கிறீர்கள். தென் கொரியாவுக்கு வேலைக்குப் போவதைப் பாருங்கள். 18 முதல் 39 வயதுவரை போகலாம், கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். எங்கள் அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமே நேரடியாக அனுப்புகிறது, இடையில் முகவர் கிடையாது. மொழி படிக்க ஆறு மாதமாவது முழுசாக ஒதுக்குங்கள். அப்புறம், உங்களிடம் காசு கேட்டவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு இன்றைக்கே எடுத்துக் கேளுங்கள்.