பட்டன் தீர்ந்துவிட்டதை எப்படிச் சொல்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்சன்டைசருக்கு (ஆர்டர்களைக் கவனிப்பவர்) உதவியாளராக இருக்கிறேன். வயது 27. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. ஒரு வருடமாக அகராதியைப் பார்த்து நாளுக்குப் பத்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். ‘யுபிக்விட்டஸ்’, ‘மெட்டிகுலஸ்’ எல்லாம் தெரியும். சென்ற மாதம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் வந்து, சரக்கு ஏன் தாமதம் என்று கேட்டார். பட்டன் தீர்ந்துவிட்டது என்று சொல்லத் தெரியாமல் ‘பட்டன் ஃபினிஷ் சார்’ என்றேன். பட்டன் தைத்து முடிந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். அன்றிரவு தூக்கமே இல்லை. 8,000 ரூபாய் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரலாமா?

— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் அந்த அகராதியை மூடி வையுங்கள். ‘யுபிக்விட்டஸ்’ என்று சொல்ல வேண்டிய அவசியம் எனக்கே இதுவரை இரண்டு முறைதான் வந்திருக்கிறது. இரண்டும் பந்தாவுக்காக.

நீங்கள் அன்று தேடிய வாக்கியம் ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் பட்டன்ஸ்’. இதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ‘ரன்’ என்றால் ஓடு என்று சின்ன வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். ‘ரன் அவுட்’ என்பதை கிரிக்கெட் பார்க்கும் உங்கள் வீட்டுப் பாட்டிகூடச் சொல்வார். ஆனால் கையிருப்பு தீர்ந்துபோவதற்கும் அதே இரண்டு சொற்கள்தான் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. துவைத்ததும் சாயம் போகிறதா? ‘தி கலர் ரன்ஸ்’. நம் ஊரில் சாயம் போகும், அவர்கள் ஊரில் ஓடும். கம்பெனி நடத்துவதும் ‘ரன்’, மூக்கு ஒழுகுவதும் ‘ரன்’.

இது என்ன அநியாயம் என்று தோன்றினால், நம் ‘போடு’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். கோலம் போடுகிறோம், டீ போடுகிறோம், சட்டை போடுகிறோம், ஊசி போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரர் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை: டீயை ‘மேக்’, கோலத்தை ‘டிரா’, ஊசியை ‘கிவ்’. எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினை கூட்டுச் சேரும் என்பதுதான் அன்றாட ஆங்கிலத்தின் கஷ்டமான பகுதி. அகராதியில் ஒற்றைச் சொல்லாகப் பொறுக்கினால் அந்தக் கூட்டு கையில் வராது.

சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர், 850 சொற்களே போதும் என்று 1930இல் ‘பேசிக் இங்கிலீஷ்’ ஒன்றை வகுத்தார். அதில் வினைகள் வெறும் 18. கம், கோ, கெட், கிவ், டேக், புட் என்று எல்லாம் பொடிப் பொடிச் சொற்கள். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? இந்தப் பொடிகள்தான் வயிற்றைக் கலக்குபவை. பொறுத்துக்கொள்வதைக் குறிக்கும் ‘டாலரேட்’ என்பதை ஒரே இரவில் நெட்டுருப் போடலாம். அதே பொருளைத் தரும் ‘புட் அப் வித்’, நாலு பேர் சொல்லிக் கேட்டால்தான் நாக்கில் ஒட்டும். முன்பு டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் இதைப் புரிந்துகொண்டவர். 1953இல் அவர் வெளியிட்ட சுமார் 2,000 சொற்களின் பட்டியலில், ஒரே சொல்லின் எந்தப் பொருள் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்ற கணக்கும் உண்டு. சாதாரண ஆங்கில எழுத்தில் பத்துக்கு எட்டுச் சொல் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். அதில் பாதியாவது உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

தமிழில் நாம் புழங்கும் ஆங்கிலச் சொற்களை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். லண்டனில் ஒரு கடையில் சாமான்களைப் போட ‘கவர்’ கேட்டு நின்றேன். அந்தப் பெண் என்னையும் சாமான்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ‘பேக்’ என்றிருக்க வேண்டும். கரண்ட் போய்விட்டது என்பதையும் அங்கே ‘பவர்’ என்றால்தான் புரியும்.

இனிமேல் நோட்டைத் தமிழிலிருந்து தொடங்குங்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும், அன்று ஆங்கிலத்தில் சொல்ல வராமல் தொண்டையில் நின்றதை மட்டும் தமிழில் எழுதுங்கள். பிசிறு வெட்டவில்லை. அட்டைப்பெட்டி நசுங்கிவிட்டது. துவைத்ததும் அளவு சுருங்குகிறது. மூன்று போதும். ஆங்கிலத்தை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். உங்கள் அலுவலகக் கணினியிலேயே புதையல் இருக்கிறது: பையர்கள் குறை சொல்லி எழுதிய பழைய மின்னஞ்சல்கள். பிசிறுக்கு அவர்கள் ‘லூஸ் த்ரெட்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள், சுருங்குவதற்கு ‘ஷ்ரிங்க்’. உங்கள் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லித்தரும் புத்தகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. மெர்சன்டைசரிடம் அனுமதி கேட்டு, ஒன்றிரண்டைப் படியுங்கள். சொல்லை மட்டும் பிய்த்து எடுக்காமல் முழு வாக்கியமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியது மறக்கும். ஜெர்மானிய உளவியலாளரான எபிங்ஹாஸ், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை 1885இல் கணக்காக வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. உங்களுடைய நாளுக்குப் பத்துச் சொல்லும் ஏறக்குறைய பொருளில்லாத அசைகள்தான். உங்கள் நாளோடு அவற்றுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதற்கு செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972இல் சொன்ன பெட்டி வைத்தியம் எனக்குப் பிடிக்கும். சட்டைக்குள் வைக்கும் அட்டையைச் சீட்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம் எழுதுங்கள். ஸ்வீட் பெட்டி ஒன்றில் மூன்று நான்கு அறைகள் தடுத்துக்கொள்ளுங்கள். தமிழைப் பார்த்து ஆங்கிலத்தை வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் சீட்டு அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பாருங்கள், அடுத்ததை மூன்று நாளுக்கு ஒருமுறை, அதற்கடுத்ததை வாரத்துக்கு ஒருமுறை. பஸ்ஸில் போகும்போது முணுமுணுத்தாலும் சரிதான், கண்ணால் மட்டும் பார்த்தால் பலன் இல்லை.

வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். பணம் கட்டும் முன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரே ஐம்பது நிமிடம் பேசினால், 8,000 ரூபாயில் வளரப்போவது அவருடைய ஆங்கிலம். மாணவர்கள் தடுமாறித் தடுமாறியாவது பேசிக்கொண்டே இருந்தால் தாராளமாகச் சேருங்கள், உங்கள் ஸ்வீட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு.