முழு விலை கொடுத்த கேமுக்குள்ளே துணிக்கடை எதற்கு? – கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் மணிக்கணக்கில் பிளேஸ்டேஷன் விளையாடவிடும் சின்ன கேம் சென்டர் ஒன்றை நடத்துகிறேன். தனியாளாக விளையாடும் கேம்களில் ஸ்கின் (கேரக்டரின் தோற்றத்தை மட்டும் மாற்றுவது), உடை, குதிரைக்குக் கவசம் என்று தனிக்காசுக்கு விற்பது சரியா என்று நம் பக்கத்து ஆட்கள் கேட்டு அனுப்பியதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, சிங்கிள் பிளேயரில் ஒருத்தன் ஸ்கின் வாங்கினால் இன்னொருத்தனுக்கு என்ன நஷ்டம்? வேண்டியவன் வாங்கட்டும், வேண்டாதவன் விடட்டும். இதில் என்ன தப்பு?

பாதி ஒத்துக்கொள்கிறேன் தம்பி. காசு கொடுத்தவன் நம்மை அடித்துவிடுவான் என்ற பயம் இங்கே கிடையாது. உடை விற்பதே பாவம் என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கடையை எங்கே திறந்து வைத்திருக்கிறான் என்பதுதான் என் சண்டை.

5,000 ரூபாய் பக்கம் கொடுத்து வாங்கிய கேம். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி மெனுவைப் பார்த்தால் மேப், ஆயுதம், ஸ்கில் இருக்கிற அதே வரிசையில் ‘ஸ்டோர்’ என்று ஒன்று. அதன் மூலையில் சிவப்புப் புள்ளி. உள்ளே போய்ப் பார்த்தால்தான் புள்ளி மறையும். வாங்குகிற எண்ணமே இல்லாத பையன்கள்கூட அந்தப் புள்ளியை ஒழிக்கவே உள்ளே போவதை என் சென்டரில் தினமும் பார்க்கிறேன். உள்ளே போனால், கேமிலேயே பளபளப்பான உடை அங்கேதான் தொங்குகிறது. முப்பது மணி நேரம் விளையாடிப் பையன் சம்பாதித்த சட்டை அதன் பக்கத்தில் சாயம் போனதாகத் தெரிகிறது.

எம்.சி. ரோட்டில் பேன்ட் எடுத்தால் நீளம் குறைக்க வெளியே தையல்காரரிடம் தனியாகக் காசு கொடுக்கிறோம், யாரும் சண்டை போடுவதில்லை. கடைக்காரரே வேண்டுமென்று எல்லாப் பேன்ட்டையும் நாலு இன்ச் நீளமாகத் தைத்துவிட்டு, உள்ளேயே ஒரு மிஷினைப் போட்டு உட்கார்ந்தால் விடுவோமா? ‘விருப்பப்பட்டால் வாங்கு’ என்பது, வாங்காதவனுக்கும் ஆட்டம் குறைவில்லாமல் இருந்தால் மட்டும்தான் செல்லும்.

ராயபுரம்: இதை முதலில் ஆரம்பித்து வைத்தது யார்?

எல்லோரும் கைகாட்டுவது ‘ஆப்லிவியன்’ கேமைத்தான். 2006 ஏப்ரலில் அதன் கம்பெனி பெதஸ்டா, குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டாலருக்கு விற்றது. ஊரே சிரித்தது. ஆனாலும் விற்றது. 2009-ல் ஏப்ரல் முட்டாள் தினத்தன்று மற்ற டிஎல்சி (கேமோடு சேர்க்கத் தனியாக வருகிற கூடுதல் சரக்கு) எல்லாவற்றுக்கும் பாதி விலை போட்டுவிட்டு, குதிரைக் கவசத்துக்கு மட்டும் விலையை இரட்டிப்பாக்கினார்கள். அதையும் வாங்க ஆள் இருந்தது! கிண்டல் பண்ணுகிற கூட்டமும் வாங்குகிற கூட்டமும் வேறு வேறு என்று கம்பெனிகளுக்கு அப்போதே புரிந்திருக்கும்.

திருவொற்றியூர்: உடையோடு நின்றால் பரவாயில்லை என்கிறீர்களா? நிற்குமா?

நின்றால் பரவாயில்லை. பல இடங்களில் நிற்கவில்லை. ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ 2018-ல் வந்தது. அதன் கடையில் உடையும் குதிரையும் இருந்தன, கூடவே அனுபவப் புள்ளி 50 சதவீதம் கூடுதலாக ஏறுவதற்கு ஒரு பூஸ்டரும் இருந்தது. லெவல் ஏற ரொம்ப இழுக்கிறது என்று ஆட்கள் புலம்பிக்கொண்டிருந்த கேம் அது. மெதுவாக்கியதும் அவர்களே, வேகத்தை விற்றதும் அவர்களே என்ற சந்தேகம் வருமா வராதா?

அந்த கேமின் கம்பெனி யூபிசாஃப்ட் 2025-ல் வெளியிட்ட ஆண்டறிக்கையில், முழு விலை கேம்களுக்குள் விற்பனை இருப்பது ஆட்டத்தை இன்னும் ஜாலியாக்குகிறது என்று எழுதியது. காரணமாகச் சொன்னது இரண்டு: தோற்றத்தை மாற்றிக்கொள்ளலாம், வேகமாக முன்னேறலாம். இரண்டையும் ஒரே மூச்சில். சட்டை விற்பவனும் குறுக்குவழி விற்பவனும் ஒரே கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

2017-ல் ‘ஷேடோ ஆஃப் வார்’ இதைவிட மோசம். தனியாளாக விளையாடும் கேமில் லூட் பாக்ஸ் வைத்தார்கள், அதாவது உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே வாங்குகிற பெட்டி. அந்த கேமின் உயிரே, நம்மை அடித்த ஓர்க் (அரக்கன் மாதிரி எதிரி) நம்மை ஞாபகம் வைத்திருப்பான், நாம் அவனைத் தேடிப்போய் மடக்குவோம் என்பதுதான். அந்த ஓர்க்கையே பெட்டியில் போட்டு விற்றால் பகைக்கு என்ன மதிப்பு? இது ஆட்டத்தின் அடிப்படையையே கெடுக்கிறது என்று கடைசியில் அவர்களே ஒத்துக்கொண்டு, 2018 ஜூலையில் கடையை எடுத்துவிட்டார்கள்.

மூலக்கடை: தலைவா, கேம் செய்கிற செலவு எக்கச்சக்கமாக ஏறிப்போச்சு. அவனும் பிழைக்க வேண்டாமா?

பிழைக்கட்டும். செலவு ஏறியது நிஜம். ‘லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 22 கோடி டாலர் ஆனது என்று 2023-ல் ஒரு வழக்கின் ஆவணத்திலிருந்து வெளியே வந்தது. ஆனால் அந்த கேமுக்குள் ஒரு தொப்பிகூட விற்பனைக்கு இல்லை. ‘விட்சர் 3’ 2015-ல் 16 சின்ன டிஎல்சிகளை இலவசமாகக் கொடுத்தது. அதில் உடையும் உண்டு, தாடி, முடி ஸ்டைலும் உண்டு. அப்புறம் இரண்டு பெரிய கதைகளைக் காசுக்கு விற்றார்கள். அதை வாங்கியவன் யாரும் ஏமாந்ததாகச் சொல்லவில்லை. 2018-ல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ கேமில் சூட்டெல்லாம் பெரும்பாலும் விளையாடி டோக்கன் சேர்த்து எடுப்பதுதான். என் சென்டரில் புது சூட் கிடைத்ததும் பக்கத்து சீட்டில் இருப்பவனைக் கூப்பிட்டுக் காட்டாத பையன் இல்லை. காசுக்கு வாங்கிய ஸ்கின்னை இங்கே எவனும் அப்படிக் காட்டிப் பார்த்ததில்லை.

விலையை ஏற்ற வேண்டுமென்றால் நேரடியாக ஏற்றட்டும். புது கேமின் விலை 60 டாலரிலிருந்து 70 ஆனபோது திட்டினோம், அப்புறம் வாங்கத்தானே செய்தோம்.

பெரம்பூர், 3டி ஆர்ட்டிஸ்ட்: நாங்கள் உழைத்துச் செய்த உடையைத்தான் விற்கிறார்கள். கேமிலிருந்து வெட்டி எடுத்து விற்கிறார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

நியாயமான கோபம். கேம் முடிகிற கட்டத்தில் புரோகிராமர்கள் பிழை திருத்திக்கொண்டிருக்க, ஆர்ட் டீமுக்கு வேலை முன்னாலேயே தீர்ந்துவிடும். அந்த இடைவெளியில் செய்கிற உடைகள்தான் பல நேரம் டிஎல்சியாக வருகின்றன. அதை ‘வெட்டி எடுத்தது’ என்று சொல்வது தப்பு. ஆனால் அந்தச் சந்தேகம் சும்மா வந்ததும் இல்லை. 2012-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்’ டிஸ்க்கிலேயே 12 கேரக்டர்களைப் பூட்டி வைத்து, சாவியைப் பிறகு விற்றார்கள். கையில் இருக்கிற டிஸ்க்கைத் திறக்கத் திரும்பவும் காசு. அதற்கப்புறம் எந்த டிஎல்சியைப் பார்த்தாலும் ஜனங்களுக்கு அதே ஞாபகம். பழி ஆர்ட்டிஸ்ட் மேல் விழக்கூடாது என்பதை மட்டும் முழுசாக ஒத்துக்கொள்கிறேன்.

வியாசர்பாடி, ஒரு அம்மா: பையன் என் போனில் கேம் விளையாடுகிறான். ஏதோ டிரஸ் வாங்கினேன் என்கிறான், காசு போயிருக்கிறது. என்ன செய்வது?

அக்கா, முதலில் வாங்கி 48 மணி நேரம் ஆகிவிட்டதா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் கூகுள் பிளேயிலேயே பணம் திரும்பக் கேட்கலாம். அப்புறம் பிளே ஸ்டோர் செட்டிங்கில், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி மாற்றுங்கள். யூபிஐ பின் நம்பர் பையனுக்குத் தெரிந்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பையனை ரொம்பத் திட்டாதீர்கள். தெரியாமல் கை பட்டாலே காசு போகிற மாதிரி பட்டன் வைத்ததற்காக ‘ஃபோர்ட்நைட்’ கம்பெனி, ஆட்களுக்குத் திருப்பிக் கொடுக்க 24.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. 2022-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்ட வழக்கு அது.

தண்டையார்பேட்டை: 2025-ல் ஆன்லைன் கேம் சட்டம் வந்ததே, ஸ்கின் விற்பதும் தடையா?

இல்லை. அந்தச் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டத்துக்கு. ஸ்கின் வாங்கினால் ஜெயிக்க ஒன்றும் இல்லை, காசு போவது மட்டும் நிச்சயம்.

பழைய வண்ணாரப்பேட்டை: பர்மா பஜாரில் திருட்டு டிஸ்க் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இந்த நியாயம் பேச வாய் இருக்கிறதா?

இருக்கிறது! பீச் ஸ்டேஷனில் இறங்கி, கவரில் போட்ட டிஸ்க்கை வாங்கிவந்து, பாதியில் அது தொங்கி நின்றபோது யாரிடமும் கேட்க முடியாமல் இருந்தோம். இன்றைக்கு மாசச் சம்பளத்தில் ஒதுக்கி ஒரிஜினல் வாங்குகிறோம். காசு கொடுக்கப் பழகியவனுக்குத்தான் காசுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றும்.

எண்ணூர்: எனக்கு ஒரு உடை நிஜமாகவே பிடித்திருக்கிறது. வாங்கட்டுமா, வேண்டாமா?

வாங்குங்கள், உங்கள் காசு. ஆனால் முன்னாடி இரண்டு விஷயம் பாருங்கள். விலை ரூபாயில் இருக்கிறதா, இல்லை ஏதோ காயின் கணக்கிலா? காயினாக இருந்தால் பாக்கெட் அளவும் பொருளின் விலையும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. மிச்சக் காயின் தேங்கும், அதைத் தீர்க்க இன்னொரு பாக்கெட் வாங்கச் சொல்லும். அடுத்தது, நெட் இல்லாமல் அந்த கேம் ஓடுமா? ‘தி க்ரூ’ என்ற கார் கேமில் தனியாளுக்கான கதை இருந்தும், 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தியதும் மொத்த கேமும் செத்துப்போனது. அதில் வாங்கிய வண்டியும் பெயின்ட்டும் அதோடு போச்சு.

எம்.கே.பி. நகர்: அண்ணா, பிசியில் மோட் (ரசிகர்களே செய்து போடுகிற மாற்றம்) போட்டால் எல்லா உடையும் ஓசியிலேயே வருமே. அப்புறம் எதற்கு இந்தப் பஞ்சாயத்து?

பிளேஸ்டேஷன் மாதிரி கன்சோலில் விளையாடுகிறவனுக்குப் பெரும்பாலும் அந்த வழி கிடையாது, அதனால்தான் பஞ்சாயத்து. 2024 மார்ச்சில் ‘டிராகன்ஸ் டாக்மா 2’ வந்தபோது, நம் கேரக்டரின் முகத்தை மாற்றுகிற பொருளைக் கடையில் விற்றார்கள். அதை கேமுக்குள்ளேயே சம்பாதிக்கவும் முடியும். ஆனால் வெளியான அன்று, முகம் பிடிக்கவில்லை என்றால் புதிதாக முதலிலிருந்து ஆரம்பிக்க ஒரு வழியே வைக்கவில்லை. பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வசவு குவிந்தது. அந்த வசதியைப் பிறகுதான் கொடுத்தார்கள்.

நீ பிசியில் இருக்கிறாய், தாராளமாக மோட் போடு. ஆன்லைனில் நாலு பேரோடு ஆடுகிற கேமில் மட்டும் போடாதே, அக்கவுன்ட்டைத் தூக்கிவிடுவான். போடுவதற்கு முன் சேவ் ஃபைலை வேறு ஃபோல்டரில் ஒரு காப்பி எடுத்து வை.