ஃபேஸ்புக்க டீஆக்டிவேட் பண்ணிட்டு சில மாசம் கழிச்சு திரும்ப வந்தா பழைய ஃப்ரெண்ட்ஸ், போட்டோ எல்லாம் அப்படியே இருக்குமா?

இருக்கும். எனக்கு எட்டு மாசம் கழிச்சும் இருந்துச்சு. பழைய பாஸ்வேர்ட போட்டு உள்ள போனா போதும், டீஆக்டிவேட்டுக்கு கெடுவெல்லாம் கிடையாது. டெலீட் தான் வேற, அதுல 30 நாளைக்குள்ள போய் கேன்சல் பண்ணலன்னா அக்கவுண்ட் போயிடும், ரெண்டும் ஒரே இடத்துல தான் இருக்கும், பாத்து அமுக்குங்க.

நீங்க அனேகமா பரீட்சைக்கோ யாரோடயோ மனஸ்தாபத்துலயோ மூடப் போறீங்கன்னு நினைக்கிறேன். என் கதை வேற. நான் பர்மாவுல, யாங்கோன்ல (பழைய ரங்கூன்) இருக்கேன். 2014ல சிம் 1500 கியாட்டுக்கு இறங்கினப்ப தான் எங்க வீட்ல ஆளுக்கொரு போன் வந்துச்சு. அப்ப இருந்து எங்க ஊர்ல இன்டர்நெட்னாலே ஃபேஸ்புக் தான். கல்யாணம், சாவு, வாடகைக்கு வீடு, கோவில் அன்னதானம் எல்லாம் அதுல தான் தெரியும். ராணுவம் ஆட்சிய பிடிச்சதும் 2021 பிப்ரவரி 4ம் தேதி அதை இங்க தடை பண்ணிட்டாங்க. அப்புறம் ராத்திரி 1 மணிக்கு நெட் லைன் கட்டானா காலைல 9 மணிக்கு தான் வரும், மார்ச்ல மொபைல் டேட்டாவும் போச்சு. ரோட்ல நிறுத்தி போன வாங்கி பாக்கறாங்கன்னு தெருவுல பேச்சு. நான் அரசியல் பேச வரல, தடைய தாண்டி உள்ள போக வீபிஎன் போடுங்கன்னு யாருக்கும் சொல்லவும் வரல, தயவுசெஞ்சு கமெண்ட்ல அதை ஆரம்பிக்காதீங்க. எனக்கு ரெண்டு சின்ன புள்ளைங்க, பொண்டாட்டி அழுதுச்சு, ஒருநாள் ராத்திரி பன்னெண்டரைக்கு லைன் போறதுக்குள்ள அக்கவுண்ட்ட மூடினேன். ஃபேஸ்புக்க மூடினாலும் மெசஞ்சர தனியா வச்சுக்கலாம்னு அப்ப எனக்கு தெரியாது. அதையும் சேத்து மூடிட்டேன். யாருக்கும் சொல்லல.

பயந்தாங்கொள்ளின்னு சொல்றவங்க சொல்லிக்கோங்க. அந்த மாசம் இந்த ஊர்ல இருந்தவங்க சொல்ல மாட்டாங்க.

எங்க அத்தை, அப்பாவோட அக்கா, 1964ல கப்பல்ல மெட்ராஸ் போனவங்க. தாத்தா கடைய அரசாங்கம் எடுத்துக்கிட்டதும் குடும்பத்துல பாதி போயிடுச்சு, அப்பா மட்டும் இங்கயே நின்னுட்டாரு. அத்தை கடைசி வரைக்கும் வியாசர்பாடில தான் இருந்தாங்க. அம்பது வருஷம் கடுதாசி தான், 2015ல தான் அத்தை பேத்தி என்னைய ஃபேஸ்புக்ல கண்டுபிடிச்சு வீடியோ கால் போட்டுச்சு, அத்தை ஸ்கிரீன்ல கை வச்சு என் மூஞ்சிய தடவினாங்க. எங்களுக்குள்ள இருந்த ஒரே வழி அது தான். போன் நம்பர் வாங்கி வைக்கணும்னு ரெண்டு பக்கமும் தோணவே இல்ல.

நவம்பர்ல திரும்ப உள்ள போக பாத்தேன். பாஸ்வேர்ட் மறந்துடுச்சு. புது பாஸ்வேர்டுக்கு கோட் என் பழைய நம்பருக்கு போகுது, அந்த நம்பருக்கு மாசக்கணக்கா ரீசார்ஜ் பண்ணாததுல அது செத்துப்போச்சு. அடையாள அட்டைய போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுது. அட்டைல எனக்கு பர்மியப் பேரு, ஃபேஸ்புக்ல தமிழ்ப் பேரு. எங்க ஆளுங்கள்ல பாதி பேருக்கு இப்படித்தான், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேரு வீட்டுக்கு ஒரு பேரு. ரெண்டு தடவ அனுப்பினேன், ரெண்டு தடவயும் ஒத்துக்கல. நான் நான்தான்னு ஒரு மெஷின் கிட்ட நிரூபிக்க முடியாம உக்காந்திருந்தது எவ்ளோ வலிச்சுதுன்னு எழுத தெரியல. கடைசில மச்சினன் பழைய போன்ல என் ஜிமெயில் திறந்தே இருந்துச்சு, அது வழியா வந்தேன்.

வந்ததும் முதல்ல தெரிஞ்சது அத்தை போட்டோ, மேல கண்ணீர் அஞ்சலின்னு எழுதி. மே மாசமே போயிட்டாங்க, கொரோனா. கீழ யாரோ "பர்மா தம்பி மகனுக்கு சொல்லியாச்சா"ன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு அத்தான் "அவன் நம்மள ப்ளாக் பண்ணிட்டான்"னு எழுதியிருக்காரு.

நான் ப்ளாக் பண்ணல. ஆனா அவங்க பக்கத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி தான் இருக்கும். பேர தேடினா வராது, பழைய சாட்டுக்குள்ள போனா பேருக்கு பதிலா ஃபேஸ்புக் யூசர்னு நிக்கும், பதில் அனுப்ப முடியாது. இத உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்கன்னு தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

அத்தானுக்கு மெசஞ்சர்ல கால் போட்டேன். முதல்ல பேசவே இல்ல, அப்புறம் "அம்மா உன்னைய தான்டா கேட்டுக்கிட்டே இருந்துச்சு"ன்னு சொன்னாரு. நான் அழுதேன். ஆனா ஒண்ணு எனக்கும் ஆத்தாமை இருக்கு. ஒரு சாவு சேதிய போஸ்ட் போட்டுட்டா சொன்னதா ஆயிடுமா? யாங்கோன்ல எங்க கோவிலுக்கு ஒரு கால் போட்டிருந்தா, அர்ச்சகர் ஆள் விட்டு சொல்லியிருப்பாரே. அப்பா காலத்துல தந்தி வரும், தெருவே கூடிடும். போனுக்குள்ள குடும்பம் வந்ததும் வீட்டு அட்ரஸ ரெண்டு பக்கமும் தொலைச்சிட்டோம்.

இன்னொண்ணு. கோவில் ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புக்கு ஒரு பேஜ் வச்சிருந்தோம், நான் ஒருத்தன் தான் அட்மின். என் அக்கவுண்ட்டோட அதுவும் காணாம போச்சு, புள்ளைங்க எழுதின முதல் அ ஆ போட்டோ எல்லாம் அதுல தான். நான் வந்ததும் அதுவும் வந்துடுச்சு, ஆனா எட்டு மாசம் பெத்தவங்க என்னைய தப்பா நினைச்சிருந்தாங்க. பேஜ் இருந்தா முதல்ல இன்னொருத்தர அட்மினா போடுங்க. கேம் ஏதாவது ஃபேஸ்புக் மூலமா திறக்கிற மாதிரி வச்சிருந்தா அதையும் கழட்டிடுங்க, அது வழியா உள்ள போனாலும் அக்கவுண்ட் தானா திறந்துக்கும்.

மெசஞ்சர்ல அத்தையோட பழைய சாட் அப்படியே இருந்துச்சு. 2021 பொங்கலுக்கு பேசி அனுப்பின வாய்ஸ், 40 செகண்ட். "பொங்கிருச்சாடா உங்க வீட்ல"ன்னு கேக்கறாங்க. அன்னிக்கு நான் வெறும் தம்ஸ் அப் போட்டிருந்தேன்.