20 ஜிபி போதும் என்பவருக்கு 100 ஜிபி எதற்கு?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 22,000 ரூபாய். போனில் கூகுள் ஸ்டோரேஜ் 15 ஜிபி நிரம்பிவிட்டது என்று தினமும் மெசேஜ் வருகிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன், "100 ஜிபி பிளான் போடும்மா, நானும் அதுதான் வைத்திருக்கிறேன், வருஷத்துக்கு 1,300தான்" என்கிறான். எனக்கு 20 ஜிபி இருந்தாலே தாராளம். 20, 30 ரூபாய்க்குச் சின்னதாக ஒரு பிளான் தந்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? நான் என்ன செய்யட்டும்?

பதில்: அவர்களுக்குக் குறையும், அதனால்தான் தருவதில்லை. 100 ஜிபிக்கு மாதாமாதம் 130 ரூபாய் கட்டும் பலருக்கு அவ்வளவு இடம் தேவையே இல்லை. நானே இரண்டு வருடமாகக் கட்டுகிறேன், இன்னும் 41 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது. 20 ரூபாய்க்கு ஒரு பிளான் வந்தால் என்னைப் போன்றவர்கள் முதல் வேலையாக அதற்கு இறங்கிவிடுவோம். அதோடு, 20 ரூபாய் வாங்கினாலும் 130 வாங்கினாலும் பில் போடுவதும், பணம் கழியாவிட்டால் நினைவூட்டுவதும் ஒரே வேலைதான்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: விலையைக் குறைக்க மாட்டார்கள், அளவைக் கூட்டுவார்கள். ஆப்பிள் ஒரு காலத்தில் 99 சென்ட்டுக்கு 20 ஜிபி தந்தது. 2015-இல் அதே 99 சென்ட்டுக்கு 50 ஜிபி ஆக்கியது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் 50 ஜிபி பிளானை 100 ஆக்கியது, விலை அதே 1.99 டாலர். டிராப்பாக்ஸில் இலவசம் 2 ஜிபி, தனிநபருக்கான அடுத்த படியே 2 டிபி, அதாவது சுமார் 2,000 ஜிபி. கால் கிலோ தக்காளி கேட்டவரிடம் ஒரு கூடையைத் தூக்கிக் கொடுப்பது மாதிரி.

சின்ன பிளான் வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சிதான். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று காட்டியவர் கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன். பின்னால் அவர் மகன் ரங்கநாதனின் சிக் ஷாம்பு 50 பைசாவுக்கே கிடைத்தது. பாட்டில் வாங்க வசதி இல்லாதவர்களும் ஷாம்பு போட்டார்கள், கம்பெனியும் நன்றாகவே வளர்ந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பாக்கெட்டைக் கிழித்து ஊற்றினால் அதோடு சரி. ஸ்டோரேஜ் அப்படியில்லை, பேங்க் லாக்கர் வாடகை போல. உள்ளே பொருள் இருக்கும்வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பேரன் பேத்தி போட்டோ சேரச் சேரப் பொருளும் கூடும். சின்ன பிளானில் நுழைவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம்.

ஆகவே முதலில் காசு செலவில்லாத வேலை. அந்த 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் வரை, தரத்தைக் கொஞ்சம் குறைத்துச் சேமித்த போட்டோக்கள் இதில் கணக்காகவில்லை. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அப்படித்தான் இருந்தது, 2024-இலிருந்து அதையும் இதிலேயே சேர்த்துவிட்டார்கள். உங்களுக்கு நிரம்பியதற்குக் காரணம் பெரும்பாலும் குடும்ப குரூப்பில் வரும் குட்மார்னிங் வீடியோக்களாகத்தான் இருக்கும். வாட்ஸ்அப் பேக்கப் செட்டிங்கில் வீடியோவைச் சேர்க்காமல் விடுங்கள். கூகுள் போட்டோஸில், தரத்தைக் கொஞ்சம் குறைத்து இடத்தை மிச்சப்படுத்தும் 'ஸ்டோரேஜ் சேவர்' முறைக்கு மாறுங்கள். வேண்டாததை அழித்த கையோடு குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள், இல்லையென்றால் அங்கே கிடந்தபடியே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

சும்மா விட்டுவிடவும் கூடாது. அளவைத் தாண்டினால் ஜிமெயிலுக்கு மெயில் வருவது நின்றுவிடும். பேங்க் ஸ்டேட்மென்ட், இன்சூரன்ஸ் பிரீமியம் நினைவூட்டல் எல்லாம் அந்த மெயிலுக்குத்தான் வருகிறது என்றால் 130 ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் பாலிசியே லாப்ஸ் ஆகலாம். தாண்டிய நிலையிலேயே இரண்டு வருடம் விட்டுவைத்தால், உள்ளே இருப்பதை கூகுள் அழித்துவிடவும் கூடும்.

சுத்தம் செய்தும் போதவில்லை என்றால், நீங்கள் கேட்ட சின்ன பிளான் கிட்டத்தட்ட இருக்கிறது. கூகுள் 2024-இல் இந்தியாவில் 'லைட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது: 30 ஜிபி, மாதம் 59 ரூபாய். கட்டும் முன் திரையில் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஜிபிக்கு என்று கணக்குப் போட்டால் லைட் கிட்டத்தட்ட 2 ரூபாய், 100 ஜிபி பிளான் 1.30, மாதம் 650 ரூபாயான 2 டிபி பிளான் 33 காசு. இந்தக் கணக்கைக் காட்டித்தான் பெரியதை விற்பார்கள். காலியாகக் கிடக்கும் ஜிபி எவ்வளவு மலிவாக இருந்து என்ன? வருடத்துக்கு 708 ரூபாயா 1,300 ரூபாயா என்று மட்டும் பாருங்கள்.

'முதல் சில மாதம் இலவசம்' என்று வந்தால் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். 2025 மே மாதம் ஏர்டெல் சில வாடிக்கையாளர்களுக்கு கூகுளின் இந்த 100 ஜிபி பிளானை ஆறு மாதம் இலவசமாகத் தந்தது, அதன் பிறகு மாதம் 125 ரூபாய். அந்த ஆறு மாதத்தில் 60 ஜிபி சேர்த்துவிட்டவர் 15-க்கு எப்படித் திரும்புவார்? ஆட்டோபே போட்டிருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். "நானும் அதுதான் வைத்திருக்கிறேன்" என்கிறார் மகன். அப்படியானால் நீங்கள் எதையும் வாங்கவே வேண்டாம். 100 ஜிபி பிளானை வைத்திருப்பவர் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளலாம். இடம் மட்டும்தான் பொது, உங்கள் போட்டோவும் மெயிலும் அவருக்குத் தெரியாது. இன்று ராத்திரி போன் செய்து ஃபேமிலி குரூப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், 1,300 அவர் கட்டுவதாகவே இருக்கட்டும்.