பாட்டுக்கு மேலே எழுதியிருக்கும் கோர்ட் குறியீடுகள்

வணக்கம். முழங்காவில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசிக்கத் தொடங்கியிருக்கும் நீங்கள், பாடல் வரிகளுக்கு மேலுள்ள கோர்ட் (chord, ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்கள்) எழுத்துகளை எந்தக் கட்டைகளில் வாசிப்பது என்று கேட்டிருந்தீர்கள். பாடசாலையில் படித்த கர்நாடக சங்கீதம் இதற்குப் பயன்படாது என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கமாட்டேன்.

சி என்பதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் ஒன்றாக ஒலிப்பதே சி மேஜர், அதாவது சி, ஈ, ஜி. காந்தாரத்தை மட்டும் ஒரு கட்டை கீழிறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் அது சி மைனர். எந்த எழுத்தில் தொடங்கினாலும், நிற்கும் கட்டையை விட்டு, கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து மேல்நோக்கி எண்ணும்போது மேஜருக்கு முதலில் 4 கட்டைகள், அங்கிருந்து பிறகு 3. மைனருக்கு முதலில் 3, பிறகு 4.

எழுத்துக்கு அருகே சிறிய எம் இருந்தால் மைனர். எதுவும் இல்லையென்றால் மேஜர். 7 என்று இருந்தால், அதேபோல எண்ணி, தொடக்கச் சுரத்திலிருந்து பத்தாவது கட்டையையும் சேர்க்க வேண்டும். ஆகவே ஜி செவன் என்பது ஜி, பி, டி, எஃப். அதை வாசித்து உடனே சி மேஜருக்குச் செல்லுங்கள். பாட்டு வீடு திரும்புவது காதுக்கே தெரியும்.

சி/ஜி என்பதுபோல் சாய்கோட்டுக்குப் பின்வரும் எழுத்து இடது கைக்குரியது. சி, எஃப், ஜி, ஏ மைனர் ஆகிய நான்கும் தடங்கலின்றி மாறும்வரை சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத் தொடாதிருங்கள்.