கையெழுத்து வைக்க முதல்

தர்மபுரத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 38, இரண்டு பிள்ளைகள். கிளிநொச்சியில் ஒரு கார்மன்ட்ஸில் 9 வருடமும் 4 மாதமும் தைத்திருக்கிறார். அவர் தைக்கும் லைனை மூடப் போகிறார்களாம். வவுனியாக் கிளைக்குப் போங்கள், இல்லையென்றால் விலகல் கடிதம் தாருங்கள் என்கிறார்களாம். 'மாற்றத்தை ஏற்கப் பழகுவோம்' என்று அரைநாள் பயிற்சி வைத்து, முடிவில் ஆங்கிலத்தில் அச்சடித்த கடிதமொன்றையும் நீட்டியிருக்கிறார்கள். ஊரில் ஒருவரோ, "ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) காசு முழுக்க எடுத்துத் தாறன், ஆடு வளருங்கோ, எனக்குப் பத்து வீதம் போதும்" என்கிறாராம். கையெழுத்து வைக்கலாமா என்பது கேள்வி.

இப்போது வேண்டாம், தங்கச்சி. முதலில் அந்தக் கடிதத்தை ஆங்கிலம் தெரிந்த, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்றொரு வரி பெரும்பாலும் இருக்கும். பயிற்சி, தேநீர், பற்றிஸ் எல்லாம் அந்த ஒரு வரிக்காகத்தான். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் இடத்தில், உங்களில் குற்றமில்லாமல் உங்களை நிறுத்துவதென்றால் உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டுப் போனால் நட்டஈட்டுக் கதை வரும். நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு அந்தச் செலவு மிச்சம். எழுதிக் கொடுக்காமல் நிறுத்தப்பட்டால் 6 மாதத்துக்குள் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். அந்தத் தவணை தவறிவிட்டால் பிறகு அழுது பயனில்லை.

வவுனியாவுக்குப் போக மாட்டேன் என்றும் வாயால் சொல்லிவிட்டு வரவேண்டாம். நியமனக் கடிதத்தில் இடமாற்றம் பற்றி ஒரு வாசகம் இருந்தால், நீங்கள்தான் வேலையைக் கைவிட்டீர்கள் என்று திருப்பிவிடுவார்கள். போக்குவரத்துக்கு என்ன ஏற்பாடு, பிள்ளைகளோடு தினமும் எப்படிப் போய்வருவது, சம்பளத்தில் மாற்றமுண்டா என்று எழுத்தில் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். ஒரு பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வைத்திருங்கள்.

மாற்றத்தைப் பற்றி வன்னிச் சனத்துக்கு வகுப்பெடுக்க வருகிறவர்களை நினைக்க எனக்குக் கோபம்தான் வருகிறது. யுத்தத்தில் விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு செட்டிகுளம் முகாம் என்று சாமான் சுமந்து திரிந்த சனத்துக்கு ஸ்லைட் போட்டுக் காட்டுகிறார்கள். உங்களுக்கு மாறத் தெரியும். வெறுங்கையோடு மாறக்கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

கைக்கு வரவேண்டியது என்ன? முதலாவது பணிக்கொடை. ஐந்து வருடம் முடிந்தவருக்கு, முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம். அடிப்படைச் சம்பளம் 32,000 ரூபாய் என்றால் 16,000ஐ 9ஆல் பெருக்க 144,000. ஓவர்டைம், ஊக்கத்தொகை இந்தக் கணக்கில் சேராது. அந்த 4 மாதமும் சேராது. நீங்களாக விலகினாலும் இது உண்டு. 30 நாளுக்குள் தரவேண்டும். அடுத்தது ஈ.ரீ.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி): வேலையை விட்டதும் எடுக்கலாம். ஆனால் எடுத்துவிட்டு வேறிடத்தில் சேர்ந்தால் ஐந்து வருடத்துக்கு மறுபடி கைவைக்க முடியாது.

இனி அந்தப் பத்து வீதக்காரர். ஈ.பி.எப் என்பது உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்த காசு. பெண்களுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். 'பொம்பிளையள் இடையில எடுக்கலாம்' என்று அவர் சொல்வது கலியாண விதியைக் காட்டி. அதைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண், கலியாணத்துக்கு முந்திய 3 மாதத்துக்குள் அல்லது பிந்திய 5 வருடத்துக்குள் விட்டிருந்தால் எடுக்கலாம். விவாகப் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. கோயிலில் தாலி கட்டிய படம் காணாது. உங்கள் மூத்த பிள்ளைக்குப் பதினொரு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்களுக்கு அந்த வழி எப்போதோ மூடிவிட்டது. அப்படியிருக்க அவர் எதைக் காட்டி எடுப்பார்? திகதி மாற்றிய சான்றிதழ், இல்லையென்றால் நிரந்தரமாக வெளிநாடு போகிறீர்கள் என்றொரு பொய். பிடிபட்டால் படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அவர் பெயர் எங்கும் இராது. 30 வீதம் முற்பணமாக எடுக்கும் திட்டமொன்று உண்டுதான். அதற்கு 10 வருட அங்கத்துவமும் கணக்கில் 300,000 ரூபாயும் வேண்டும், காரணம் வீடு அல்லது வைத்தியம். ஆடு அதில் இல்லை.

உண்மையான படிவத்துக்குத் தரகர் தேவையே இல்லை. வடமாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ். தொழில் அலுவலகத்தில் தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பெயரை மட்டும் இன்றைக்கே பாருங்கள். 2009இல் பத்திரங்களைத் தொலைத்துப் பிறகு புதிதாக எடுத்த எங்கள் ஆட்களுக்கு அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஈ.பி.எப் அங்கத்தவர் அட்டையான 'பி காட்'டில் இன்னொரு எழுத்து. ஆள் ஒன்றுதான் என்று எதிரில் இருக்கும் அலுவலருக்குத் தெரிந்தாலும் கோப்புத் திரும்பிவரும். பிறகு கிராம அலுவலர், பிரதேச செயலகம், சத்தியக் கடதாசி என்று ஒரு மாதம் பறந்துவிடும். சண்டையில் தொலைந்த பத்திரத்துக்குச் சனமா பொறுப்பு? வேலையில் இருக்கும்போதே நிர்வாகத்தைக் கொண்டு பெயரைத் திருத்துவிப்பது சுகம். விலகியபின் அந்தக் கந்தோரில் உங்கள் முகமே மறந்துபோகும்.

ஆட்டுக் காரியம் கெட்டதல்ல. ஆனால் கடன் வாங்கிப் பத்து ஆட்டோடு தொடங்க வேண்டாம். வேலை இருக்கும்போதே இரண்டு பெட்டை ஆடு வாங்கி, கொட்டிலை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டி, ஒரு மார்கழி மழை தாண்டிப் பாருங்கள். குட்டிகள் தப்பினால் பணிக்கொடைக் காசில் மிச்சத்தை வாங்கலாம்.