நட்டதை மிதிக்கும் கதாநாயகி

கேள்வி: "இப்போ படங்களில் ஹீரோயினும் சண்டை போடுகிறாள், கலெக்டராக வருகிறாள், காலம் மாறிவிட்டது" என்கிறாள் என் தங்கை. எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: தங்கை சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். 2017இல் வந்த 'அறம்' படத்தில் நயன்தாரா கலெக்டர். ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்பதுதான் கதை. டூயட் கிடையாது, காதலன் கிடையாது. 2022இல் 'விக்ரம்' படத்தில் வீட்டு வேலை செய்பவராக வந்த அம்மா திடீரென்று சண்டையில் இறங்கியதும் ஹீரோவுக்கு அடிக்கிற விசிலை அவருக்கும் அடித்தார்கள். இதெல்லாம் சரி.

ஆனால் ஆண் ஹீரோ அடிப்பதற்குக் காரணமே வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் எவனோ ஒருவன் இன்னொருவனைத் தள்ளிவிட்டால் போதும், இவர் செருப்பு முதலில் தெரிய, அப்புறம் முதுகு தெரிய, மெதுவாக நடந்து வந்துவிடுவார். பெண் கையை ஓங்குவதென்றால் அதற்கு முன் அவளுக்கு ஏதாவது நடந்திருக்க வேண்டும். புருஷன் விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும், பிள்ளை செத்திருக்க வேண்டும், எவனாவது அவளைச் சீரழித்திருக்க வேண்டும். காயம் பட்டால்தான் லைசென்ஸ்.

நம் பக்கத்துப் பெண் கண்ணகியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னதும் மதுரையில் தலைவிரி கோலமாகச் சிலம்போடு நிற்பவள்தான் கண்ணுக்கு வருகிறாள். பூம்புகாரில் இருந்த கண்ணகி என்ன ஆனாள்? கோவலன் மாதவியே கதியென்று கிடந்தபோது தோழி தேவந்தி வந்து, சோமகுண்டம் சூரியகுண்டத்தில் முழுகிக் காமவேள் கோயிலில் கும்பிட்டால் புருஷன் திரும்புவான் என்று யோசனை சொல்கிறாள். (அவை திருவெண்காட்டுக் குளங்கள்தான் என்பார்கள்.) கண்ணகி சொன்ன பதில் 'பீடன்று'. அது எனக்குப் பெருமை இல்லை, போ. அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அரசவையில் சிலம்பை உடைத்ததற்கு இது இம்மியும் குறைந்ததில்லை. ஆனால் அங்கே யாரும் சாகவில்லை, எதுவும் எரியவில்லை, அதனால் கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

கேள்வி: சீரியலில் கதையே பெண்களைச் சுற்றித்தானே? அப்புறம் என்ன குறை?
– ஒரு வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: அலிசன் பெக்டெல் என்ற அமெரிக்கப் படக்கதை ஓவியர் 1985இல் வரைந்த ஒரு துணுக்கில் ஒரு பரீட்சை இருக்கிறது. படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், பேச்சு ஒரு ஆணைப் பற்றி இல்லாமல் வேறு எதைப் பற்றியாவது இருக்க வேண்டும். நானும் ஒரு ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எங்கள் வீட்டு டிவியில் ஓடிய சீரியலுக்கு இந்தப் பரீட்சையை வைத்தேன். முதல் இரண்டிலும் நூற்றுக்கு நூறு. மூன்றாவதில்தான் இடித்தது: அவன் எங்கே போனான், யாரோடு போனான், அவனை யார் முந்தானையில் முடிந்துகொண்டது. கீரை ஆய்ந்து முடிகிற வரைக்கும் அந்த நாலு பெண்களும் வேறொன்றும் பேசவில்லை.

விதிவிலக்கு உண்டு. 2022இல் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' படித்த மருமகள்கள் அடைபட்டுக் கிடக்கிற வீட்டைப் பற்றிய கதை. ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் யாரைப் போல் பேசிக் காட்டின என்கிறீர்கள்? அவர்களை அடக்கிவைத்த ஆதி குணசேகரனைத்தான்! மறைந்த மாரிமுத்து அப்படி நடித்திருந்தார், அது அவர் திறமை. ஆனால் மருமகள்கள் பேசிய ஒரு வசனத்தைக்கூட எந்தப் பிள்ளையும் திருப்பிச் சொல்லி நான் கேட்கவில்லை.

கேள்வி: ஆண்களை மட்டும் சரியாகவா காட்டுகிறார்கள்?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இல்லவே இல்லை. ஹீரோவுக்குக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கிடையாது, சர்க்கரை கிடையாது, "எனக்குத் தெரியலை" என்று ஒரு தரம்கூடச் சொல்லமாட்டார். 2020இல் 'சூரரைப் போற்று' படத்தில் ஹீரோ பேக்கரி நடத்துகிற மனைவியிடம் பணம் கேட்கத் தயங்கித் தயங்கி நிற்பது எனக்கு விமானம் பறந்ததைவிடப் பிடித்தது. படத்தை எடுத்தது சுதா கொங்கரா.

கேள்வி: விவசாயி ஹீரோ படங்கள் நம் டெல்டாவைப் பெருமைப்படுத்துகின்றன என்கிறேன், மனைவி சிரிக்கிறார். ஏன்?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: உங்கள் மனைவி வயலில் இறங்கியவராக இருப்பார். அந்தப் படங்களில் விவசாயி என்றால் மடித்துக் கட்டிய வேட்டி, டிராக்டர், கம்பெனிக்காரனிடம் ஒரு நீளமான வசனம். நம் ஊரில் நடவும் களையும் யார் வேலை? காலையில் நாற்றங்காலில் நாற்று முடியை, அதாவது நாற்றுக்கட்டைப் பிரித்து வாங்கி, இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் இரண்டு மூன்று நாற்றாகக் கிள்ளிச் சேற்றில் ஊன்றி, குனிந்த முதுகு நிமிராமல் மதியம் வரை போகிற பெண்களுக்கு அந்தக் கதையில் வேலை ஒரு பாட்டோடு சரி. இப்போது நடவு மெஷினும் நேரடி விதைப்பும் வந்து அந்தக் கூலியும் குறைந்துகொண்டு வருகிறது. அதைச் சொன்ன விவசாயி படம் எதையும் நான் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டையாவது ஒழுங்காக எடுக்கக் கூடாதா! ஒரு தீபாவளிக்கு டிவியில் ஏதோ படம், பச்சைத் தாவணியில் ஹீரோயின் நாற்று நட்டபடி சிரித்துக்கொண்டே கேமராவைப் பார்த்து முன்னால் வருகிறாள். பக்கத்தில் என் அத்தை, முப்பது வருஷம் நடவுக்குப் போனவர், முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஏண்டி, பின்னாடி போய்ல நடணும். இவ நட்டதையே மிதிச்சுக்கிட்டு வர்றா பாரு."